மூண்டு குறிப்பைப் பக்கத்திலை பக்கத்திலை வைக்கிறதோ, ஒண்டாக்கிறதோ?

குளக்கட்டு: சிறுபோகக் கூட்டம் வருது. கமக்காரர் அமைப்புச் செயலாளருக்கு மூண்டு குறிப்பு ஒரே நேரம் கண்ணுக்கு முன்னாலை வேணும்: போன கூட்ட அறிக்கை, இரணைமடு இடதுகரைத் தண்ணி முறை, ஏக்கர் பங்கீடு. 1366 பிக்சல் அகல லப்டொப். குறிப்பெழுதுற செயலியளிலை எது நல்லம், ஒப்சிடியனோ, வன்நோட்டோ?

நெடுங்கேணியான்: ஒப்சிடியன். ரப்பின்ரை (தாவலின்ரை) தலையைப் பிடிச்சு வலது ஓரத்துக்கு இழுங்கோ, அந்தப் பாதி நிறம் மாறினவுடனை விடுங்கோ. குறிப்புக்குள்ளை இருக்கிற இணைப்பெண்டால் கொன்ட்ரோல், ஒல்ட் இரண்டையும் அமத்திக்கொண்டு கிளிக் பண்ணப் பக்கத்திலை திறக்கும். அறிக்கை இருக்கிற ரப்பிலை வலது கிளிக் பண்ணி ‘பின்’ போடுங்கோ. போடாட்டி ஒரு இணைப்பைத் தட்டினவுடனை அறிக்கை போய் அந்த இடத்திலை வேறை குறிப்பு வந்து குந்தும்.

‘லிங்க் வித் ரப்’ எண்டதைத் தொடாதேங்கோ. அது ஒரே குறிப்பை எழுதவும் வாசிக்கவும் இரண்டு பக்கம் வைக்கிற ஆக்களுக்கு. வேறை வேறை குறிப்பை அதாலை கட்டினால் ஒண்டை மாத்த மற்றதும் சேர்ந்து மாறும்.

பரந்தன்_பக்கம்: 1366 இலை மூண்டு பத்தியோ அண்ணை? இடப்பக்கப் பட்டையும் கோப்புப் பட்டியலும் ஏறக்குறைய 340 தின்னும். மிச்சத்தை மூண்டாப் பிரிச்சால் ஒண்டுக்கு 340 தான். ‘பொறியியலாளர்களுக்கும்’ எண்ட ஒரு சொல்லுக்கே பாதி வரி போயிடும். ஐஞ்சு நிரல் அட்டவணை எண்டால் பக்கவாட்டிலை உருட்டி உருட்டித்தான் பாக்கோணும். 1920 திரையிலையும் விண்டோஸ் எல்லாத்தையும் 150 வீதத்துக்குப் பெருப்பிச்சுக் காட்டினால் கைக்கு வாற அகலம் 1280.

பிரிக்காதேங்கோ. கூட்டத்துக்கெண்டு ஒரு குறிப்புத் திறந்து மற்றதை உள்ளுக்கை இழுக்க இப்பிடி எழுதுங்கோ: ![[தண்ணி முறை#இடதுகரை]]. அந்தத் தலைப்புக்குக் கீழை உள்ளது மட்டும் வரும், வலதுகரை வந்து குழப்பாது.

நெடுங்கேணியான்: அது வாசிக்க மட்டும் தம்பி. கூட்டத்துக்கு நடுவிலை ஒரு வாய்க்காலின்ரை நாள் மாறினால் மூலக் குறிப்பைத் திறந்துதான் திருத்தோணும். ‘இடதுகரை’ எண்ட தலைப்பைக் கையாலை மாத்தி எழுதினியளோ, இழுத்த பகுதி வராது. தலைப்பிலை வலது கிளிக் பண்ணி அங்கை இருக்கிற பெயர்மாற்றக் கட்டளையாலை மாத்தினால் தான் இணைப்பும் மாறும். அகலம் காணாட்டிக் கோப்புப் பட்டியலை மூடுங்கோ, ஒண்டுக்கு 440 வரும்.

மாங்குளம்_சந்தி: ஒப்சிடியனிலை குறிப்பை அட்டையா அடுக்குற பலகை, கன்வஸை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? மூண்டையும் அட்டையாப் போட்டு, இரட்டைக் கிளிக் பண்ணி அங்கையே திருத்தலாம். ஒரு வில்லங்கம், அட்டையின்ரை அளவை நீங்கள்தான் இழுத்து வைக்கோணும். தூரம் தள்ளிப் பாத்தால் எழுத்தும் தெரியாது.

பரந்தன்_பக்கம்: அப்ப 1366 இலை அதாலையும் பிரயோசனமில்லை.

மாங்குளம்_சந்தி: மூண்டு பத்தியாலை மட்டும் இருக்கோ? வன்நோட்டைப் பற்றியும் கேட்டவர்: ‘வியூ’விலை புதிய சாளரம் திறந்து, விண்டோஸ் விசையோடை இடது அம்புக்குறி அமத்த ஒரு பாதியிலை ஒட்டும். இரண்டு குறிப்பெண்டால் அது காணும்.

நெடுங்கேணியான்: திருப்பித் திருப்பி அடுக்காமல் இருக்க, ஒப்சிடியன் அமைப்பிலை இருக்கிற கோர் பிளகின்ஸிலை, திறந்த அடுக்கைச் சேமிக்கிற ‘வேர்க்ஸ்பேசஸ்’ஐ இயக்கி ‘கூட்டம்’ எண்டு பெயர் வைச்சுச் சேமியுங்கோ. பிறகு மாத்தினது தானாச் சேமிபடாது, அதே பெயரிலை திரும்பச் சேமிக்கோணும். கோப்புகளை ஒத்திசைக்கிற சின்க்திங் செயலியாலை இரண்டு கணினிக்குப் பகிர்ந்தால் வேர்க்ஸ்பேஸ்.ஜேசன் கோப்பை விலக்குப் பட்டியலிலை போடுங்கோ. அது ரப் மாறுற ஒவ்வொருக்காலும் எழுதுப்படும், முரண்பட்ட பிரதியள் குவியும்.

குளக்கட்டு: வயலிலை போனிலை?

பரந்தன்_பக்கம்: போனிலை ஒப்சிடியன் பிரியாது. தண்ணி முறையைக் கணினியிலை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ. அன்ட்ரொயிட் பிரிதிரையிலை மேலை பிடிஎஃப், கீழை ஒப்சிடியன். இல்லாட்டி நான் சொன்ன ஒற்றைக் குறிப்பு, அது போனிலையும் அப்பிடியே திறக்கும். நெடுங்கேணி அண்ணை இதுக்கு என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்.