வைமாக்ஸா எல்டிஇயா: ஸ்பிரிண்ட் எங்கே சறுக்கியது?

அலைவரிசை41: 4ஜிக்கு எந்தத் தொழில்நுட்பம் என்ற போட்டியில் அமெரிக்க செல்பேசி நிறுவனமான ஸ்பிரிண்ட் 2006 ஆகஸ்டில் வைமாக்ஸ் என்றது. அதன் போட்டியாளரான வெரைசன் 2007 நவம்பரில் எல்டிஇ பக்கம் போனது. இறங்குவழி (கோபுரத்திலிருந்து போனுக்கு) இரண்டிலுமே ஓஎஃப்டிஎம்ஏதான், அதாவது தரவைப் பல சிறு அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் முறை. பிறகு வைமாக்ஸ் எதில் தோற்றது? மென்பொருளை மாற்றினாலே வைமாக்ஸ் கோபுரம் எல்டிஇ ஆகிவிடும் என்பார்களே, அது நடக்கிற காரியமா?

கம்பிவடம்: முதலில் கையிருப்பைப் பாருங்கள். ஸ்பிரிண்டிடம் இருந்தது 2.5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை, டிடிடிக்கு (ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிக் கேட்கும் முறை) ஏற்றது. குறித்த காலத்துக்குள் சேவை தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. மொபைல் வைமாக்ஸின் தரமான 802.16இ 2005 டிசம்பரிலேயே ஒப்புதல் பெற்றுவிட்டது. எல்டிஇயின் முதல் தரமான ரிலீஸ் 8 முடிவானதோ 2008 டிசம்பரில். அன்றைய நிலையில் அந்தத் தேர்வைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

கட்டடத்துக்குள் சிக்னல் நிற்கவில்லை என்ற பழியையும் வைமாக்ஸ் தலையில் கட்டுகிறார்கள். வெரைசன் 2010 டிசம்பரில் தொடங்கியது 700 மெகாஹெர்ட்ஸில். அதே தூரத்துக்கு 2500-இல் இழப்பு சுமார் 11 டெசிபெல் கூடுதல், சுவர் இழப்பு தனி. அந்தப் பட்டையில் எல்டிஇ போட்டிருந்தாலும் கோபுரங்களை நெருக்கி நட்டே ஆக வேண்டும்.

ஆன்டெனாக்காரன்: பாதிதான் சரி. ஏறுவழியை (போனிலிருந்து கோபுரத்துக்கு) விட்டுவிட்டீர்கள். வைமாக்ஸ் அங்கேயும் ஓஎஃப்டிஎம்ஏ. சிக்னலின் உச்ச சக்திக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம் அதில் அதிகம் என்பதால் போனின் பவர் ஆம்ப்ளிஃபயரைத் தணித்து ஓட்ட வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். எல்டிஇ அதற்காகவே அந்த விகிதம் குறைவான எஸ்சி-எஃப்டிஎம்ஏ முறையை ஏறுவழியில் வைத்தது. பழைய சிடிஎம்ஏ (3ஜி) வலையோடு இணைப்பு அறாமல் கைமாற இஎச்ஆர்பிடி என்ற வழியும் தரத்திலேயே இருந்தது.

மென்பொருள் கதைக்கு வருவோம். ரேடியோ தலையும் ஆன்டெனாவும் தப்பலாம். சிக்னலைக் கணக்கிடும் பேஸ்பேண்ட் அட்டை பல இடங்களில் மாறும். கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் மைய வலையில் வைமாக்ஸின் ஏஎஸ்என் கேட்வே போய் எல்டிஇயின் எம்எம்இ, எஸ்-கேட்வே, பி-கேட்வே, எச்எஸ்எஸ் என்ற கருவிகள் வர வேண்டும். கோபுரத்தை ஒரே இரவில் மாற்றினாலும் வாடிக்கையாளர் கையில் இருக்கிற வைமாக்ஸ் போன் எல்டிஇ பேசாது. ஆகவே இரண்டையும் சில வருடம் ஒரே பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டியாக வேண்டும்.

அலைவரிசை41: இரண்டும் டிடிடி. ஒன்று பேசும்போது மற்றது கேட்டுக்கொண்டிருந்தால் குறுக்கீடு வராதா?

கம்பிவடம்: நிச்சயம் வரும். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். இரண்டுக்கும் ஜிபிஎஸ் நேரம் கொடுத்தால் மட்டும் போதாது, சட்டகத்தின் (இறங்குவழியும் ஏறுவழியும் மாறி மாறி வரும் ஒரு காலச் சுற்று) தொடக்கத்தையும் நகர்த்த வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸ் வைமாக்ஸில் சட்டகம் 5 மில்லிசெகண்ட், உபயோகத்துக்கு 47 குறியீடு (சிறு நேரத்துண்டு). அது இறங்குவழிக்கு 29, ஏறுவழிக்கு 18 (29:18) என்று பிரிந்திருந்தால் டிடி-எல்டிஇயின் (டிடிடி முறை எல்டிஇ) நேரப் பங்கீடுகளில் கட்டமைப்பு 1 பொருந்தும். 35:12 என்றால் கட்டமைப்பு 2. எல்டிஇ சட்டகம் நடுவில் ஏறுவழிக்குத் திரும்புவதால், கட்டமைப்பு 1-க்கு 1 மில்லிசெகண்டும் 2-க்கு 2 மில்லிசெகண்டும் தள்ளி வைத்தால்தான் இறங்குவழிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். இறங்குவழியிலிருந்து ஏறுவழிக்கு மாறும் சிறப்புத் துணைச்சட்டகத்தையும் சரிபாருங்கள். 29:18-இல் வைமாக்ஸ் இறங்குவழி 2.98 மில்லிசெகண்ட் வரை நீள்கிறது. அந்தத் துணைச்சட்டகத்தின் ஏறுவழிப் பகுதியான எல்டிஇயின் அப்பிடிஎஸ் இரண்டு குறியீடு நீளமானால் 2.86-லேயே தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் எதையும் அனுப்பாமல் விடுவது நல்லது.

ஆன்டெனாக்காரன்: இந்தியாவில் 2010-இல் ஏலம் போன 2.3 ஜிகாஹெர்ட்ஸும் டிடிடிதான். ஆனால் ஏர்டெல் 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் நேராக டிடி-எல்டிஇயில் தொடங்கியது, இந்தத் தலைவலியே இல்லை.