எண்ணெய்க் கம்பெனியை விற்றுவிட்டால் அறக்கட்டளை பசுமையாகிவிடுமா?

அல்லிக்குளம்:
கலை, இசை, மியூசியம் என்று இயங்கும் அறக்கட்டளைகள் சுற்றுச்சூழல் பற்றிப் பேசினாலே இங்கே பலருக்குச் சிரிப்பு வருகிறது. வாசலில் இரண்டு செடி, கையில் காகிதக் கப், ஒரு போட்டோ, அவ்வளவுதானே என்று. போர்ச்சுகலின் லிஸ்பனில் இருக்கும் குல்பென்கியன் அறக்கட்டளையைப் பாருங்கள். கலூஸ்ட் குல்பென்கியன் ஆர்மீனியர். ஈராக் எண்ணெயில் 5 சதவீதப் பங்கைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்ததால் ‘மிஸ்டர் ஐந்து சதவீதம்’ என்றே பெயர் வாங்கியவர். 1955இல் இறந்தார், அடுத்த வருடம் அவர் உயில்படி அறக்கட்டளை வந்தது. அதன் கையில் பார்டெக்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனி பல பத்தாண்டுகள் இருந்தது. மொத்தச் சொத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதம் அதுதான். 2019இல் அதை விற்றுவிட்டார்கள். சோறு போட்ட தொழிலையே விட்டது சின்ன விஷயமா?

கறார்கணக்கு:
யாரிடம் விற்றார்கள் என்பதை மட்டும் லாவகமாக விட்டுவிட்டீர்களே! முதலில் சீனக் கம்பெனி ஒன்றோடு பேசினார்கள், அது முறிந்தது. அப்புறம் தாய்லாந்தின் பிடிடிஇபி வாங்கியது, 62 கோடியே 20 லட்சம் டாலருக்கு. அதுவும் எண்ணெய்க் கம்பெனிதான். சாராயக்கடையை நல்ல விலைக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டு, மறுநாள் மதுவிலக்கு மாநாட்டில் முன்வரிசையில் உட்கார்வது மாதிரி இருக்கிறது.

அல்லிக்குளம்:
சரி, வேறு என்ன செய்திருக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள். கிணற்றை மண் போட்டு மூடுவதா?

கறார்கணக்கு:
பங்குதாரராக உள்ளே இருந்துகொண்டே ‘புதுக் கிணறு வேண்டாம்’ என்று குரல் கொடுத்திருக்கலாம். வெளியே வந்த பிறகு யார் கேட்பார்கள்?

மஸ்கட்வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஓமனில் பதினாலு வருடமாக ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் இருக்கிறேன், பிடிஓ என்கிற ஓமன் எண்ணெய்க் கம்பெனியின் வயல்களுக்கு வண்டி அனுப்புகிற வேலை. பிடிஓவில் அரசுக்கு 60, ஷெல்லுக்கு 34, டோட்டலுக்கு 4, பார்டெக்ஸுக்கு வெறும் 2 சதவீதம். இரண்டு சதவீதத்தை வைத்துக்கொண்டு ‘கிணறு தோண்டாதே’ என்று சொன்னால் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். கணக்கு அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை. 2019 கடைசியில் பங்கு கை மாறியது எங்களுக்குத் தெரியவே தெரியாது, ஒரு பம்பு கூட நிற்கவில்லை. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அமல் என்ற வயலில் பெரிய கண்ணாடி வீடுகள் கட்டி, உள்ளே வளைந்த கண்ணாடிகளை வைத்து, சூரிய வெப்பத்தில் நீராவி எடுக்கிறார்கள். எதற்கு? கெட்டியான எண்ணெயைப் பூமிக்கு அடியில் இளக்கி மேலே கொண்டுவர. நீராவிக்காக எரிக்கிற எரிவாயு மிச்சமாகிறது என்பது நிஜம். ஆனால் வெயிலைப் பிடித்து எண்ணெய் எடுப்பதைப் பசுமை என்று சொன்னால் என்ன செய்வது, சொல்லுங்கள்.

திண்ணைப்பேச்சு:
பணத்தை விட்டு இடத்துக்கு வாருங்கள். நான் லிஸ்பனில் கட்டடக்கலை படித்தபோது பாதிச் சாப்பாடு அந்தத் தோட்டத்தில்தான். மியூசியத்தோடு 1969இல் திறந்தது, ரிபெய்ரோ டெல்லிஷ், வியானா பரேட்டோ என்ற இரண்டு தோட்டக்கலை வடிவமைப்பாளர்கள் அமைத்தது. சதுர சிமென்ட் பலகைகளில் கால் வைத்துப் போனால் மரத்துக்குள் மறைந்து திடீரென்று குளம் வரும். ரொட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே வாத்து கரையேறிவிடும். டிக்கெட் கிடையாது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய நவீன ஓவியக்கூடம். 1983 கட்டடம். அதை இடித்துத் தள்ளிப் புதிதாக எழுப்பவில்லை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவை வைத்து மாற்றியமைத்து 2024 செப்டம்பரில் திரும்பத் திறந்தார்கள். முன்னால் நூறு மீட்டருக்கு நீளமான கூரை, ஜப்பானில் எங்காவா என்பார்களாம், நம் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் ஒன்று. நின்ற சிமென்டை நிற்க விட்டதே பெரிய சேமிப்பு. நம் ஊரில் முப்பது வருடக் கட்டடம் என்றாலே ஜேசிபி வந்துவிடும்.

கறார்கணக்கு:
தோட்டத்தை நான் குறை சொல்லவே இல்லை. மாநகராட்சியே செய்கிற வேலை அது. பருவநிலை மாற்றத்தை எதிர்த்து உழைப்பவர்களுக்கு 10 லட்சம் யூரோ பரிசு என்று இந்த அறக்கட்டளை வருடாவருடம் தருகிறதே, அதைத்தான் விளம்பரம் என்கிறேன். 2020இல் முதல் பரிசு யாருக்கு? ஸ்வீடனின் இளம் பருவநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க்குக்கு. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

அல்லிக்குளம்:
அந்தப் பொண்ணு ஒரு பைசா வைத்துக்கொள்ளவில்லை. அமேசான் காடுகளுக்கான இயக்கத்துக்கு ஒரு லட்சம், சுற்றுச்சூழல் அழிப்பைச் சர்வதேசக் குற்றமாக்கப் போராடுபவர்களுக்கு ஒரு லட்சம் என்று முதலிலேயே பிரித்துவிட்டது. 2024இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூன்று பேரில் ஆந்திராவின் இயற்கை விவசாயத் திட்டமும் ஒன்று, தெரியுமா? சித்தூர் பக்கம் நம் எல்லையிலிருந்து ஒரு மணி நேரம். தலைப்புச் செய்தி வேண்டும் என்றால் உழவர்களைத் தேடி ஏன் போகவேண்டும்?

கறார்கணக்கு:
ஆந்திரா விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். மஸ்கட் தம்பி சொன்ன 2 சதவீதக் கணக்கும் நியாயம்தான், உள்ளே இருந்து குரல் கொடுப்பது என்ற என் யோசனை அங்கே செல்லாது. ஆனால் அந்த 62 கோடி டாலர் வந்ததே, அது இப்போது எந்தப் பங்கில், எந்த நிதியில் உட்கார்ந்திருக்கிறது? அதிலும் மறைமுகமாக எண்ணெய் இருந்தால் இந்தப் பேச்சு முழுக்க வீண். ஆண்டறிக்கையை எடுத்து ராத்திரி உட்காரப் போகிறேன்.

அல்லிக்குளம்:
உட்காருங்கள். பக்க எண்ணோடு வாருங்கள், சும்மா ‘எங்கேயோ படித்தேன்’ என்றால் விடமாட்டேன்.

மஸ்கட்வாசி:
அண்ணா, எனக்கும் அனுப்புங்கள். நாளை வெள்ளிக்கிழமை, லீவு.