உபின் தீவுக்கு அம்மாவோடு ஒரு நாள்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். வரும் சனிக்கிழமை சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், 4 வயது மகன், முழங்கால் வலியுள்ள அம்மா. சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும்; காலையில் அதிகம் காக்க வேண்டியிருக்குமா? ஆடும் படகில் அம்மாவை ஏற்றி இறக்குவதுதான் எனக்குப் பெரிய கவலை.

தீவின் கடலோரச் சதுப்புநிலமான செக் ஜாவாவுக்குக் கடல்நீர் வற்றும் நேரம் பார்த்துப் போகவேண்டும், அங்குள்ள நடைபாலத்திலிருந்தே நண்டு தெரியும் என்கிறார்கள். தீவின் படகுத்துறையிலிருந்து அதுவரை நடப்பது அம்மாவால் ஆகாது. வாடகை வேனில் போனால், திரும்பிவரவும் அது காத்திருக்குமா? சைக்கிளில் குழந்தை இருக்கை கிடைக்குமா?

புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோம். காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வருமாமே, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?