இரைப்பை பைபாஸ் அறுவைக்குப் பிறகு சிறுநீரகக் கல்: கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

அந்திவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு எடைக்குறைப்புக்காக எனக்கு, இரைப்பையைச் சிறிதாக்கி உணவு செல்லும் குடல்வழியை மாற்றும் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று 124 கிலோவாக இருந்த நான் இன்று 79 கிலோ. மூன்று வகை சர்க்கரை மாத்திரைகள் ஒன்றாகக் குறைந்துவிட்டன. இரத்த அழுத்தத்துக்கு அரை மாத்திரைதான். ஆகவே அந்த அறுவையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

சென்ற மாதம் இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி அடிவயிறு வரை இறங்கிய கடும் வலியோடு அவசரப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 6 மி.மீ. கல் ஒன்றும், வலப்பக்கத்தில் சிறு கற்கள் சிலவும் இருப்பது தெரிந்தது. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான கிரியேட்டினின், அறுவைக்கு முன் 0.9 ஆக இருந்தது, இப்போது 1.3. ஆனால் பரிசோதனை அறிக்கையில் அது இயல்பான அளவுக்குள் இருப்பதாகவே அச்சிடப்பட்டுள்ளது. அறுவை செய்த மருத்துவர், கல் என்பது தனி விஷயம் என்கிறார். கல்லுக்காகப் பார்த்த மருத்துவரோ என் அறுவையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கல்லே கால்சியத்தால் ஆனதுதான் என்பதால், தினமும் போடும் கால்சியம் மாத்திரையை உடனே நிறுத்திவிடும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். நிறுத்துவது சரியா? இந்தக் கல்லுக்கும் அறுவைக்கும் தொடர்பு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓடைக்கரை எழுதியது:

கால்சியத்தைத் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தவற்றை நான் செய்தேன். எட்டு மாதத்தில் இரண்டாவது கல் வந்தது. எனக்கும் உங்களைப் போலவே பைபாஸ்தான். பிறகு சிறுநீரக மருத்துவர் ஒருவர் தாளில் படம் வரைந்து விளக்கியதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நாம் உண்ணும் காய்கறிகளிலும் கொட்டைகளிலும் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. சாதாரணமாகக் குடலுக்குள் உணவிலுள்ள கால்சியம் இந்த ஆக்சலேட்டைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பைபாஸ் செய்த உடலில் கொழுப்பு முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. மிஞ்சிய கொழுப்பு கால்சியத்தோடு சேர்ந்து சோப்புப் போல ஆகிவிடுவதால், ஆக்சலேட்டைப் பிடிக்கக் கால்சியம் இருப்பதில்லை. அப்படித் தனித்துவிடப்பட்ட ஆக்சலேட் பெருங்குடல் வழியே இரத்தத்துக்குள் புகுந்து, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே இருக்கும் கால்சியத்தோடு இணைந்து கல்லாகிறது. ஆக, கல்லில் கால்சியம் இருப்பது உண்மைதான் என்றாலும், குறைபாடு குடலில் கால்சியம் போதாமல் போனதில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் அந்தக் குறைபாடு இன்னும் கூடும், எலும்பும் சேர்ந்து தேயும்.

மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

மூன்றாம்பிறை எழுதியது:

நான் சிறுநீரக மருத்துவத் துறையில் பணிபுரிபவன். நேரில் பாராமல் சிகிச்சை சொல்ல இயலாது. ஆனால் உங்கள் மருத்துவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்று சொல்ல இயலும்.

முதலில் அந்த 1.3. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. 45 கிலோ குறைந்தவரின் உடலில் கொழுப்போடு தசையும் கணிசமாகக் கரைந்திருக்கும் என்பதால், சிறுநீரகம் பழையபடி இயங்கினால் கிரியேட்டினின் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு ஏறியிருக்கிறது. அறிக்கையில் இயல்பு என்று அச்சிட்டிருப்பது பொதுவான மனிதர்களுக்கான வரம்பைத்தான். உங்கள் பழைய அளவோடு ஒப்பிட்டால் இது கவனிக்கப்பட வேண்டிய ஏற்றம். கல் அடைத்திருந்த நேரத்தில் தற்காலிகமாகவும் ஏறியிருக்கலாம். எனவே வலி அடங்கி, நீர் நன்றாக அருந்திய நிலையில் மறுபடி பாருங்கள். சிறுநீரக இயக்கத்தையே தசையைச் சாராமல் காட்டும் சிஸ்டாடின் சி என்ற இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆனால் தைராய்டு கோளாறோ ஸ்டீராய்டு மருந்தோ இருந்தால் அதுவும் பிறழும்.

இரண்டாவது, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதன் அளவு, ஆக்சலேட், சிட்ரேட், கால்சியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஆக்சலேட் ஏறத்தாழ 40 மி.கி.க்குள் இருப்பது இயல்பு. பைபாஸ் செய்தவர்களில் இது அதைவிட வெகுவாக உயர்ந்தும், கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் குறைந்தும் காணப்படுவது உண்டு. இரைப்பையின் ஒரு பகுதியை மட்டும் நீக்கும் ஸ்லீவ் முறையில், உணவு செல்லும் குடல்வழி மாறாமல் இருப்பதால், இந்தச் சிக்கல் குறைவு.

கல்லைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஆக்சலேட் மிக அதிகமானால் அதன் படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலேயே படிந்து திசுவைச் சேதப்படுத்தும். இதற்கு வலி இருக்காது. கிரியேட்டினின் மட்டும் மெல்ல ஏறும். அரிதுதான், ஆனால் காலம் தாழ்ந்து கண்டுபிடித்தால் டயாலிசிஸ் வரை செல்லக்கூடியது. முன்பு வழக்கத்தில் இருந்த, சிறுகுடலின் பெரும்பகுதியையே ஒதுக்கிவிடும் பழைய பைபாஸ் முறையை மருத்துவ உலகம் கைவிட்டதற்குக் கல்லீரல் பாதிப்போடு இதுவும் ஒரு காரணம். இன்றைய அறுவை அவ்வளவு கடுமையானது அன்று. உடற்பருமனாலும் சர்க்கரையாலும் சிறுநீரில் புரதம் ஒழுகிக்கொண்டிருந்த பலருக்கு அறுவைக்குப் பின் அது குறைவதையும் பார்க்கிறோம். எனவே அறுவை சிறுநீரகத்துக்குக் கேடு என்று யாரேனும் ஒரே வரியில் சொன்னால் ஏற்க வேண்டாம்.

வைட்டமின் சி தனியாக எடுத்துக்கொள்கிறீர்களா? வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள்?

அந்திவானம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கால்சியத்தை இரவு படுக்கும்போது, வெறும் வயிற்றில், நாளுக்குரிய இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துப் போடுகிறேன். அது கார்பனேட் வகை. வைட்டமின் சி 1000 மி.கி. தினமும் போடுகிறேன், முடி கொட்டுவதற்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஓராண்டாகப் பழகிவிட்டது. வலிக்கு டைக்ளோஃபினாக் ஐந்து நாட்கள் போட்டேன். இந்த மூன்றுமே தவறோ என்று இப்போது அச்சமாக இருக்கிறது.

மூன்றாம்பிறை எழுதியது:

அச்சப்பட வேண்டாம், மூன்றுமே திருத்தக்கூடியவை. வைட்டமின் சி உடலில் ஓரளவு ஆக்சலேட்டாகவே மாறுகிறது. அறுவைக்குப் பின் எழுதித் தரப்படும் பல்வைட்டமினில் உள்ள அளவே போதுமானது என்பதால், தனி மாத்திரையை விட்டுவிடுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் உடனே பேசுங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. பைபாஸில் இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட இடத்தில் புண்ணையும் உண்டாக்கும். இனி எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் பைபாஸ் ஆனவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

கால்சியத்தை உணவோடு பிரித்துப் போட வேண்டும். படுக்கும்போது போட்டால், பற்றிக்கொள்ள வேண்டிய ஆக்சலேட் அங்கே இருக்காது. நீங்கள் போடும் கார்பனேட்டைப் போலன்றி, கால்சியம் சிட்ரேட் வகை, அமிலம் குறைந்த இரைப்பையிலும் நன்றாகக் கரையும். சிறுநீரில் சிட்ரேட்டையும் கூட்டும். பைபாஸ் செய்தவர்களுக்குப் பொதுவாக உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது, ஒரு வேளைக்கு 500 அல்லது 600க்கு மேல் உடல் ஏற்காது. இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

காய்ச்சலோ குளிரோ கல் வலியோடு சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். அது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை.

வெண்கொற்றம் எழுதியது:

தண்ணீரைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன். எனக்குக் கல் வரவில்லை. ஆனால் அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில் ஓயாத வாந்தியால் நீர் வற்றி, கிரியேட்டினின் 3ஐத் தாண்டியது. அந்த நாட்களிலும் இரத்த அழுத்த மாத்திரையையும் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையையும் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன். உடல் எடை குறையக் குறைய அவற்றைக் குறைக்க வேண்டும் என்பதும், வாந்தி நாட்களில் மருத்துவரைக் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஊசி வழி நீர் ஏற்றியதும் நான்கு நாட்களில் சரியாயிற்று.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். முட்டை அளவு இரைப்பையில் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் ஏறாது என்பதைச் சொன்னவர்தான் மறந்துவிடுகிறார். எனக்கு உதவியது, கையெட்டும் தூரத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தவிர மற்ற நேரமெல்லாம் இரண்டு மடக்கு இரண்டு மடக்காகக் குடித்ததுதான். குடித்த அளவைவிட, வெளியேறும் சிறுநீர் நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம் ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி என்பதால், புரதத்துக்காகப் பாதாமைக் கொறிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

அந்திவானம் எழுதியது:

பாதாம் நாள்தோறும் ஒரு கைப்பிடி! சிறுநீரக மருத்துவரிடம் வரும் வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டேன்; 24 மணி நேரப் பரிசோதனைக்கான கலனும் வந்துவிட்டது. அதற்கு முன்பே பாதாமையும் வைட்டமின் சி-யையும் விட்டுவிட்டுச் சேகரிக்கட்டுமா?

மூன்றாம்பிறை எழுதியது:

வேண்டாம். இதுவரை எப்படி உண்டீர்களோ, எவ்வளவு நீர் அருந்தினீர்களோ, அதே வழக்கமான ஒரு நாளில் சேகரியுங்கள். அந்த ஒரு நாளுக்காக ஒழுங்காக இருந்தால் அறிக்கை அழகாக வரும், காரணம் தெரியாமல் போகும். காலை எழுந்ததும் முதல் சிறுநீரைக் கலனில் சேர்க்காமல் கழித்துவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலையின் முதல் சிறுநீர் உட்பட ஒரு துளியும் விடாமல் கலனில் சேருங்கள். அதைக் கொடுத்துவிட்டு வந்த அன்றே மற்ற மாற்றங்களைத் தொடங்கலாம். இடையில் கல் தானாக வெளியேறினால் எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். அது எதனால் ஆனது என்று பகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.