கப்பல் வேகம்: டிவியில் 17.9, என் போனில் 33, மனைவி போனில் 20.6. எதை நம்புவது?

கோவைக்காரன் | காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். இப்போது புக்கெட்டில் கரையில் நிற்கிறேன். லோக்கல் சிம் கிடைத்ததால் எழுதுகிறேன். இரவு 8 மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும், அதற்குள் யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

பையன் ஒரு நோட்டுப் போட்டு வேகத்தைக் குறித்துக்கொண்டே வருகிறான். குழப்பம் அங்கேதான்.

பினாங்கு வரும் வழியில் கேபின் டிவியில் 17.9. அதே நேரம் மேல் டெக்கில் என் ஆண்ட்ராய்டு போனில் ஸ்பீடோமீட்டர் ஆப் 33 காட்டியது. மனைவியின் ஐபோனில் வேறொரு ஆப், அதில் 20.6. டெக்கைச் சுற்றி வாக்கிங் போகும்போது என் போனில் 28க்கும் 38க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. கேபினுக்குள் வந்தால் 0, சில சமயம் திடீரென்று 60. எங்களுடையது ஜன்னல் இல்லாத உள் அறை.

இன்னொன்று. விளம்பரத் தாளில் 22 நாட் என்று போட்டிருக்கிறார்கள். பினாங்கிலிருந்து நேற்று ராத்திரி வரும்போது என் ஆப்பில் 28க்கு மேல் ஏறவே இல்லை. எஞ்சினில் ஏதாவது கோளாறா? ரிசப்ஷனில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

ராஜேஷ்_திருச்சி | 10.52

நெட் இல்லாததுதான் பிரச்சினை சார். நடுக்கடலில் டேட்டா இல்லாமல் ஜிபிஎஸ் சரியாக வேலை செய்யாது. ரோமிங் ஆன் பண்ணிப் பாருங்க, எல்லாம் சரியாகிடும்.

சிராங்கூன்வாசி | 10.58

ஐயோ, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! கப்பலுக்குள் வரும் செல் சிக்னல் சாட்டிலைட் வழியாக வருவது. சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. தெரியாமல் டேட்டாவை ஆன் செய்துவிட்டு, ஊருக்கு வந்து பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் எங்கள் பிளாக்கிலேயே இருக்கிறார்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையே இல்லை. போன் எதையும் அனுப்புவதில்லை, மேலே சுற்றும் சாட்டிலைட்டுகள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஏரோபிளேன் மோடில் வைத்து, லொகேஷனை மட்டும் ஆன் செய்தால் போதும். நெட் இல்லாததால் முதல் தடவை பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். திறந்த வானத்தின் கீழ் ஓரிரு நிமிஷம் பொறுமையாக வைத்திருங்கள்.

உள் அறையில் 0 வருவதற்கும் 60 வருவதற்கும் காரணம் ஒன்றே: சுற்றிலும் இரும்பு. சிக்னல் வராது, வந்தாலும் எங்காவது பட்டுத் திரும்பிய சிக்னலாக இருக்கும். அங்கே எடுத்த எண்களை நோட்டிலிருந்து அடித்துவிடச் சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார் | 11.10

மூன்று எண்ணும் ஒன்றே. டிவி காட்டுவது நாட். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 17.9ஐ அதால் பெருக்கினால் 33.15, இது உங்கள் போன். ஐபோன் ஆப் தரை மைலில் காட்டுகிறது, 17.9 x 1.151 = 20.6. ஆப்பின் செட்டிங்ஸில் அலகை நாட் என்று மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

வாக்கிங் விஷயத்தில் போன் மீது தப்பில்லை. அது கப்பலின் வேகத்தை அளக்கவில்லை, உங்கள் சட்டைப் பையின் வேகத்தை அளக்கிறது. சாதாரணமாக நடந்தாலே மணிக்கு 5 கி.மீ. வரும். முன்பக்கம் நோக்கி நடந்தால் 33 + 5, பின்பக்கம் நோக்கித் திரும்பினால் 33 - 5. நீங்கள் எழுதிய 28ம் 38ம் அதுதான். பையனுக்குச் சார்புத் திசைவேகம் நடத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது!

அளக்கும்போது ஒரே இடத்தில் நின்று, ஒரு நிமிஷம் பார்த்துச் சராசரி எடுங்கள்.

கோவைக்காரன் | 11.31

அருமை சார், அலகை மாற்றியதும் இரண்டு போனும் ஒத்துப்போய்விட்டன. ரோமிங் ஆன் பண்ணவில்லை, நல்லவேளை.

ஆனால் நேற்று ராத்திரிக் கணக்கு இன்னும் உதைக்கிறது. தினசரி அறிவிப்புத் தாளில் பினாங்கிலிருந்து புறப்பாடு இரவு 9, புக்கெட் வருகை காலை 9. அப்படியேதான் நடந்தது. ஆப் கொடுத்த தூரம் 195 கடல் மைல். 12 மணி நேரத்தால் வகுத்தால் 16.25 நாட். ஆனால் போனில் ராத்திரி முழுக்க 15ஐ ஒட்டியேதான் ஓடியது. யாருடைய எண் பொய்?

சிராங்கூன்வாசி | 11.36

கடிகாரத்தை மறந்துவிட்டீர்கள். மலேசியா, சிங்கப்பூர் நேரத்தைவிடத் தாய்லாந்து நேரம் ஒரு மணி நேரம் பின்னால். புறப்பாடு மலேசிய நேரம், வருகை தாய்லாந்து நேரம். உண்மையில் ஓடியது 13 மணி. 195ஐ 13ஆல் வகுத்தால் சரியாக 15.

எஞ்சின்ரூம்_தூத்துக்குடி | 12.05

தம்பி, நான் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோளாறு எதுவும் இல்லை, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். ரிசப்ஷனில் சிரித்திருக்க வேண்டாம், ஆனால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

பயணக் கப்பலின் வேகத்தை முடிவு செய்வது எஞ்சின் அல்ல, அட்டவணை. காலை 9 மணிக்கு இடம் என்று துறைமுகத்தில் சொல்லியிருக்கிறார்கள். 6 மணிக்கே போய் நின்று என்ன செய்வது? துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் வரமாட்டார், படகு இருக்காது. தூரத்தை நேரத்தால் வகுத்து எவ்வளவு வருகிறதோ அதைத்தான் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வைப்பார்கள். சிங்கப்பூர் - பினாங்கு சுமார் 380 கடல் மைல், 21 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் 18 தேவை. பினாங்கு - புக்கெட் 195, அதற்கு 15 போதும்.

அப்புறம் எண்ணெய்ச் செலவு. கப்பலைத் தள்ளத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் கன மடங்காக ஏறும். 18லிருந்து 15க்கு இறங்கினால் தேவை ஏறக்குறைய 58 சதவீதம்தான். அதாவது வேகத்தில் ஆறில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். இப்போதைய பெரிய பயணக் கப்பல்களில் பல டீசல்-எலக்ட்ரிக், அதாவது டீசல் ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் மோட்டார் ஓடும். நாலைந்து ஜெனரேட்டர் இருக்கும், மெதுவாகப் போகும்போது ஒன்றிரண்டை நிறுத்திவிடலாம். ஏசி, சமையலறை, லாண்டரி இவற்றுக்கான மின்சாரம் மட்டும் குறையாது, கப்பல் நின்றாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

22 என்பது கையிருப்பு. எதிர்க்காற்று அடித்தது, யாருக்கோ நெஞ்சுவலி வந்து கரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் தாமதம், அப்போது எடுக்கிற காசு. தினமும் செலவழிக்க அல்ல.

மலாக்கா நீரிணையில் இன்னொரு கணக்கும் உண்டு. தெற்குப் பகுதியில் ஆழம் சில இடங்களில் 25 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால் கப்பல் நீருக்குள் கூடுதலாக அமிழும். வேகம் இரட்டித்தால் அமிழ்வு ஏறக்குறைய நாலு மடங்கு. 1992 ஆகஸ்டில் குயீன் எலிசபெத் 2 அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் கட்டிஹங்க் தீவுக்கு அருகே பாறையில் உரசியது. அப்போது 25 நாட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் எவ்வளவு அமிழும் என்று குறைத்து மதிப்பிட்டது ஒரு காரணம், வரைபடத்தில் காட்டியதைவிட அந்த இடத்தில் ஆழம் குறைவாக இருந்தது இன்னொன்று.

கடைசியாக ஒன்று. போனும் டிவியும் காட்டுவது தரையை வைத்துப் பார்த்த வேகம். பிரிட்ஜில் இன்னொரு எண் இருக்கும், தண்ணீரை வைத்துப் பார்த்த வேகம். அதை அளக்கும் கருவி கப்பலின் அடியில் இருக்கிறது. மலாக்கா நீரிணையில் மொத்த நீரோட்டம் பொதுவாக வடமேற்கு நோக்கி. அதோடு ஏற்றவற்றப் புரட்டல் வேறு. எஞ்சினைத் தொடாமலே உங்கள் போனில் ஒரு நாட் கூடிக் குறைவதைப் பார்த்தால் ஆப்பைத் திட்டாதீர்கள்.

மீனா_பினாங்கு | 12.20

ஐயா, அந்தத் தண்ணீர் வேகத்தைப் பயணிகள் அளக்கவே முடியாதா?

கணக்குவாத்தியார் | 12.41

முடியும், ஆனால் கடல் அமைதியாக இருக்க வேண்டும். இரண்டு பேர் தேவை. ஒருவர் டெக்கின் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம். இடைவெளி எவ்வளவு என்று டெக் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் மிதந்து வரும் பாசியோ, கட்டையோ முன்னால் இருப்பவரைக் கடக்கும்போது அவர் கை தூக்க, பின்னால் இருப்பவர் ஸ்டாப்வாட்ச்சைத் தட்ட வேண்டும், அது தன்னைக் கடக்கும்போது நிறுத்த வேண்டும். 200 மீட்டரை 22 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 9.09 மீட்டர். 1.944ஆல் பெருக்கினால் 17.7 நாட்.

கப்பலை ஒட்டி வரும் நுரையை எடுக்காதீர்கள், அதைக் கப்பலே கலக்கி இழுத்துக்கொண்டு வரும். கொஞ்சம் விலகி மிதப்பதாகப் பாருங்கள். முக்கியமாக, அளப்பதற்காக எதையும் கடலில் வீச வேண்டாம். பிளாஸ்டிக் வீசுவது சர்வதேச விதிப்படி குற்றம், கப்பல்காரர்கள் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டாலும் ஆச்சரியமில்லை.

அந்தக் காலத்து மாலுமிகள் கட்டை கட்டிய கயிற்றை வீசினார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, 28 விநாடி மணற்கடிகாரம். அந்த நேரத்தில் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போகிறதோ அத்தனை நாட். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 6075 அடி வரும். கடல் மைல் 6076 அடி. ஓரடிதான் வித்தியாசம்!

கோவைக்காரன் | 1.15

பையன் நோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பினாங்கு வரும் அன்று டிவியிலிருந்து இடத்தையும் எழுதி வைத்திருக்கிறான்.
காலை 8.00: வடக்கு 4° 00′, கிழக்கு 100° 15′
காலை 10.00: வடக்கு 4° 35′, கிழக்கு 100° 08′
இதை வைத்து ஏதாவது செய்யலாமா?

கணக்குவாத்தியார் | 1.28

பையனுக்கு என் சார்பாக ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான வழி. அட்சரேகையில் ஒரு கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, ′ என்று எழுதியிருப்பது) ஒரு கடல் மைல். தீர்க்கரேகை துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும், ஆனால் நீங்கள் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையும் அப்படியே எடுக்கலாம், ஒரு சதவீதம்கூடத் தப்பாது.

வடக்கே 35, மேற்கே 7. பித்தாகரஸ்: 1225 + 49 = 1274, வர்க்கமூலம் 35.7. இரண்டு மணி நேரத்தால் வகுத்தால் 17.85. டிவி 17.9.

ராஜேஷ்_திருச்சி | 1.40

நாட் இருக்கட்டும், உலகத்திலேயே வேகமான பயணிகள் கப்பல் எது?

எஞ்சின்ரூம்_தூத்துக்குடி | 1.52

இப்போது ஓடுவதில் பெரியவை என்று பார்த்தால் குயீன் மேரி 2. 2004ல் சேவைக்கு வந்தது, 30 நாட் வரை போகும். ஆனால் அது அட்லாண்டிக்கைக் கடக்கக் கட்டிய லைனர், உடலமைப்பே வேறு. ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி மிதக்கும் நகரங்கள் 22 பக்கம்தான். பழைய சாதனை 1952ல் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் செய்தது. கிழக்கு நோக்கி அட்லாண்டிக்கைச் சராசரி 35.59 நாட்டில் கடந்தது. இன்றைக்கு அந்த வேகத்தில் எண்ணெய் ஊற்ற எந்த முதலாளிக்கும் மனசு வராது.

கோவைக்காரன் | 2.30

எல்லோருக்கும் நன்றி. ஊரில் அப்பா கப்பல் டிராக்கிங் ஆப்பில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று நடுராத்திரியில் கப்பல் அசையாமல் நின்றுவிட்டது என்று பயந்து மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அது ஏன்?

சிராங்கூன்வாசி | 2.44

கப்பல் தன் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே போகும், அதைக் கரையில் உள்ள ஆன்டெனாக்கள் பிடித்து ஆப்புக்குத் தரும். சிங்கப்பூர் பக்கம் ஆன்டெனாக்கள் நிறைய, கரையை விட்டு விலகியதும் இடைவெளி விழும். சாட்டிலைட் வழியாக வரும் தகவலுக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும், இலவசக் கணக்கில் கடைசியாகக் கிடைத்த இடமே நின்றுகொண்டிருக்கும். கப்பல் படத்தைத் தட்டினால் எத்தனை நிமிஷத்துக்கு முன் கிடைத்த தகவல் என்று இருக்கும், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இன்று ராத்திரியும் அப்படி ஆகலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திரும்பும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். புறப்பட்ட நேரம், சேரும் நேரம் இரண்டையும் சிங்கப்பூர் நேரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.