சிறிய மருத்துவ அறக்கட்டளையின் இணையதளம்: உங்கள் யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. நான் தன்னார்வலராக இருக்கும் ஒரு சிறிய மருத்துவ அறக்கட்டளையின் வேர்ட்பிரஸ் (இணையதளம் உருவாக்கும் மென்பொருள்) தளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு நோயாளியின் மகள் கைபேசியில் எங்கள் தொலைபேசி எண்ணைத் தேடியபோது பக்கத்தில் இருந்தேன். முகப்பில் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எண் ஒரு படத்துக்குள் இருந்ததால் தொட்டாலும் அழைப்பு போகவில்லை. தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் அழைத்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஓடும் படங்களை எடுத்துவிட்டேன். எண்ணை எழுத்தாக்கி, தொட்டால் அழைக்கும்படி செய்தாயிற்று. வெளிர்சாம்பல் எழுத்துகளையும் கருமையாக்கினேன், இணையதளங்களை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டுதல் கேட்கும் 4.5:1 நிற வேறுபாடு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இப்போது இருக்கிறது.

இரண்டு இடத்தில் திணறுகிறேன். பக்க முகவரிகள் மாறப்போகின்றன. பழைய இணைப்புகள் உடையாமல் இருக்க 301 திருப்புதல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) போட வேண்டும். நிறைய பக்கங்களுக்கு மொத்தமாகச் செய்ய எந்த பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) நல்லது?

அடுத்தது சந்திப்புப் பதிவுப் படிவம். நோய் விவரம் அப்படியே மின்னஞ்சலில் வருகிறது, எனக்கு இது சரியாகப் படவில்லை. பெயரும் எண்ணும் மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதைத் தொலைபேசியில் கேட்டால் போதுமா? இப்படிப்பட்ட தளங்களைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.