நம் ஊர்க் கூத்திலும் பாட்டிலும் வருகிற கதை டிவியில் இல்லையே, அப்படியென்றால் பொய்யா? உங்கள் அனுபவம் என்ன?

ஆரணிக்காரன்:
எங்கள் ஊர் பாரதக் கூத்தில் படுகளம், அதாவது துரியோதனன் வீழ்கிற சடங்கு, முடிந்த காலை. மண்ணால் செய்து கிடத்தியிருந்த துரியோதனன் உருவத்திலிருந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளியாகிவிட்டது. திரௌபதி அம்மன் கோயில் வாசலில், கையில் வெட்டிய தலையோடு நிற்கும் போத்தராஜாவைக் காட்டி அக்கா மகன், "இவர் யாரு?" என்றான். பாண்டவர் தங்கை சங்குவதியைக் கட்டியவர், அம்மனுக்குக் காவல் என்றேன். "பாண்டவருக்கு ஏது தங்கச்சி? சீரியல்ல வரலையே" என்றான்.

சின்னப் பையன், சரி. ஆயா அதட்டுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். போத்தராஜா கதையை எனக்குச் சொன்னதே அவள்தான். 2013-ல் டப்பிங்கில் வந்த மகாபாரதத்தை, இலவச டிவியில், ஒரு நாள் விடாமல் பார்த்தவளும் அவள்தான். வெற்றிலையை மென்றபடி, "ஆமாண்டா, அதுல வரல. நம்மாளுங்க சேத்துக்கிட்டாங்க போல" என்றாள்.

பையன் சொன்னது மறந்துபோச்சு. ஆயா சொன்ன அந்த 'போல'தான் இன்னும் உறுத்துகிறது.

வைகை வடகரை:
பெரியப்பா இறந்தபோது ஸ்பீக்கரில் யூடியூப் ஒப்பாரி போட்டிருந்தார்கள். அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "என் கூடப் பொறந்த ராசா" என்று எடுத்தார். உடனே ஒரு பையன், "அத்தை, பாட்டு ஓடுதுல்ல, கொஞ்சம் இருங்க" என்றான். அத்தையும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த கிழவி என் காதில், "இவன் அவன் ஆத்தாளுக்குல்ல பாடுறான், செத்தது நம்ம அண்ணன்ல?" என்றாள். கவனித்துக் கேட்டால் நிஜமாகவே அது அம்மாவுக்கான ஒப்பாரி. எழவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை அதற்கப்புறம் பாடவே இல்லை.

பாலைவனப் பயணி:
ஆரணிக்காரரே, எல்லாப் பழியையும் பெட்டி மேல் போடாதீர்கள். 1987-ல் தூர்தர்ஷனில் ராமாயணம் இந்தியில் ஓடியபோதே பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. அந்த வருஷமும் எங்கள் ஊரில் கூத்து நடந்தது. கூத்து குறைந்ததற்குக் காரணம் பணம். விடிய விடிய ஆடுகிற ஜமாவுக்கு, அதான் கூத்துக் குழுவுக்கு, என்ன கொடுக்கிறோம்? கொடுக்காமல் இருந்துவிட்டு சீரியலைத் திட்டுவது சுலபம்.

என் கதை: ஷார்ஜா கேம்ப் அறையில் நாங்கள் நாலு பேர், எல்லாரும் திருவண்ணாமலைப் பக்கம். ஒரு வெள்ளிக்கிழமை போனில் அர்ச்சுனன் தபசு கூத்து பார்த்துக்கொண்டிருந்தோம். அர்ச்சுனன், தவத்துக்கான உயரக் கம்பமான தபசு மரத்தில் ஏறத் தொடங்கியதும் செய்யாறு அண்ணன் சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். ஆறு அங்குலத் திரைதான். இணையம் இல்லையென்றால் அதுவும் எங்களுக்கு இல்லை.

தறிக்காரி:
பாட்டி பாடிய தாலாட்டு 40 விநாடிதான் என் போனில் இருக்கிறது. அதிலும் பாதி மிக்சி சத்தம்.

அதனால் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதே பதிவு பண்ணுங்கள். "பாடுங்க" என்று போனை நீட்டினால் சினிமாப் பாட்டுதான் வரும். முருங்கைக்கீரை ஆய்கிற நேரமாகப் பார்த்து, "எங்க அப்பாவைத் தூங்கவைக்க என்ன பாடினீங்க?" என்று கேளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தப்பாகப் பாடினால் திருத்தாதீர்கள். யாருக்காக, எந்த ஊரில் பாடியது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒப்பாரி என்றால் கேட்காமல் நெட்டில் ஏற்றாதீர்கள், பாதி வரியில் நாத்தனார் சண்டைதான் இருக்கும். ஏற்றுகிறவர்கள் தலைப்பில் 'கண்ணீர் வரவழைக்கும்' என்று போடாமல் இருந்தால் புண்ணியம். அப்புறம் போன் தொலைவதற்குள் வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணிக்காரன்:
அறிவுரைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. பயணி அண்ணே, பணம் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயாவுக்கு யாரும் சம்பளம் பாக்கி வைக்கவில்லையே? இந்த வருஷமும் போத்தராஜாவுக்குக் கற்பூரம் ஏற்றினாள். கும்பிட்டு முடித்ததும் பையனைப் பார்த்தாள்.